சோகை கொளுத்த நல்ல நேரம்

"சாமி, நெருப்பு வைக்க ஒரு நல்ல நேரம் பாத்துச் சொல்லுங்க."

சடையாண்டி வந்ததும் வராததுமாய் இப்படிக் கேட்டான். விதைக்க நேரம் பார்ப்பான், கிணறு வெட்ட நேரம் பார்ப்பான். கொளுத்துவதற்கு மட்டும் பார்க்காமல் விடுவானா?

சாமியாருக்கு வயது முப்பதுகூட இராது. சடையாண்டி பேரன் எடுத்தவன். இருந்தாலும் சீடன் சீடன்தானே!

"எதுக்கு நெருப்பு?"

"கரும்புக்குத்தான். சர்க்கரை ஆலையில வெட்டச் சொல்லிட்டாக. காய்ஞ்ச சோகை இலையெல்லாம் உடம்பைக் கிழிக்குதுன்னு ஆளுக உள்ள இறங்க மாட்டேங்குறாக. கொளுத்திவிட்டா சடசடன்னு வெட்டிப்புடலாம். தள்ளிப்போனா கரும்பு காய்ஞ்சு எடை போயிரும்."

"வா, வயலைப் பாப்போம்."

வரப்புக்கு வந்ததும் சாமியார் வயலை நோக்கிக் கையை நீட்டினார்.

"நடுவுல போயி நின்னுட்டு வா. அப்புறம் சொல்றேன்."

இதென்னடா கூத்து என்று முணுமுணுத்துக்கொண்டே போனான். தலைக்கு மேல் கரும்பு. சோகை முகத்தை அறுத்தது. காலடியில் ஒரு கவுதாரி குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்துக்கொண்டது.

"ஒதுங்கு சனியனே!"

ஒரு கீரி குறுக்கே ஓடியது. அதையும் வைதான்.

நடுவில் போய் நின்றான். எந்தப் பக்கம் திரும்பினாலும் கரும்புதான்.

அப்போது புகை வாடை அடித்தது.

முதலில் நம்பவில்லை. பிறகு சோகை படபடவென்று வெடிக்கிற சத்தம் கேட்டது.

"சாமீ!"

மறுபடியும் கூப்பிட்டுப் பார்த்தான்.

நெருப்பு எந்தப் பக்கம், வழி எந்தப் பக்கம், ஒன்றும் புரியவில்லை. பேரன் முகம் கண்முன் வந்தது. விழுந்தான், எழுந்தான், கையும் முகமும் கிழியக் கிழிய ஓடினான். பெற்றவளைக் கூப்பிட்டான், குலசாமியைக் கூப்பிட்டான். அவனைச் சுற்றிக் கரும்புக்குள் என்னென்னவோ சலசலத்து ஓடின.

ஒருவழியாய் வரப்பில் வந்து விழுந்தான்.

வயலை விட்டுத் தள்ளி, வெறுந்தரையில், ஒரு கத்தைச் சோகை எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் சாமியார் தண்ணீர்க் குடத்தோடு குந்தியிருந்தார். காற்று வயல் பக்கம் வீசிக்கொண்டிருந்தது, வந்தது புகை மட்டும்தான்.

சடையாண்டிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாய்ப் பொங்கின.

"நீங்க சாமியா, எமனா? உள்ள நான் இருக்கேன்னு தெரியுமுல்ல?"

சாமியார் குடத்தை நெருப்பின்மேல் கவிழ்த்தார்.

"நீ மட்டுமா இருந்த?"