முகம் எட்டும் தூரம்

"டீச்சர், நான் எந்த லென்ஸ் வாங்கறது?"

மாடிப்படி ஏறி வந்த மூச்சு அடங்குமுன்னே சவரியப்பன் கேட்டார்.

ஜமீலா டீச்சர் நாற்காலியைக் காட்டினார். அவர் உட்கார்ந்தார். மடியில் புதுக் கேமரா. கூட வந்த லென்ஸ் தூரத்துக்கு எட்டாதென்று அதைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்திருந்தார். கேமராவின் வாயைக் கறுப்பு மூடி அடைத்திருந்தது.

சவரியப்பன் திண்டுக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்தி, அதை விற்றுவிட்டு வீட்டில் உட்கார்ந்தவர். படம் எடுத்துப் பழக்கமில்லை. ஜமீலா டீச்சர் ஓர் அச்சகத்துக்கு மேலே அறை பிடித்து, வருகிறவர்களுக்குப் படமெடுக்கச் சொல்லிக்கொடுப்பவர். வயதில் சவரியப்பனின் மகளைவிட நாலைந்து வருஷம் மூத்தவராக இருந்தால் அதிகம். அவரிடம் வாயைப் பிடுங்கினாலும் நாலு வார்த்தைக்கு மேல் வராது என்று ஊரில் சொல்வார்கள்.

"கேமராவுக்கே பெரும்பணம் போயிருச்சு. மிச்சம் இருக்கறது ஒரு லென்ஸுக்குத்தான் வரும். மாத்தி வாங்க வழியில்ல. கடைக்காரர் ஒண்ணு சொல்றார், யூடியூபுல ஒருத்தன் இன்னொண்ணு சொல்றான்."

"எதைப் பாக்கணும்?"

"பறவை."

"எவ்வளவு தூரத்துல?"

அதற்கு அவரிடம் பதில் தயாராக இருந்தது. மலைப்பாதையில் ஒரு தண்ணீர்த் தொட்டி மேடு. கீழே ரோடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் உயரமான மதில். மதிலுக்கு உள்ளே தோட்டம். மேட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவே ஒரு கால்பந்து மைதானத்தின் நீளம் இருக்கும். சாயங்காலம் நாலரைக்கு வெளிச்சம் முதுகுப்பக்கமிருந்து விழும்.

"போன்ல எடுத்தா எறும்பு மாதிரி இருக்கு," என்றார்.

"நாலரைக்கு வர்ற பறவையா?"

சவரியப்பன் தரையைப் பார்த்தார்.

டீச்சர் எழுந்தார். அலமாரியைத் திறந்து, முழங்கை நீளத்தில் ஒரு லென்ஸை எடுத்து வந்து அவர் கேமராவில் மாட்டினார்.

"இது என்னுது. கொண்டுபோங்க. எடுத்துட்டு வந்து காட்டுங்க. வாங்கறதைப் பத்தி அப்புறம் பேசலாம்."



மதிலுக்குள் இருந்தது கன்னியர் மடம். உள்ளே போன சிஸ்டர்கள் வெளியே வருவதில்லை. ஜெபம், தோட்டம், தையல், மௌனம். பெற்றவர்கள் போனால் பார்வை அறையில் கம்பித் தடுப்புக்கு இந்தப்புறம் உட்கார்ந்து பேசலாம்.

அமலி அவருக்கு ஒரே மகள். எம்.எஸ்ஸி. முடித்த கையோடு அங்கே போகிறேன் என்றாள். கெஞ்சிப் பார்த்தார். திட்டிப் பார்த்தார். பெட்டியோடு அவள் வாசலில் நின்ற காலையில், "இனிமே என் முகத்துல முழிக்காத," என்றார்.

அவள் முழிக்கவில்லை.

ஏழெட்டு வருஷமாக அவர் மனைவி மரியபுஷ்பம்தான் போய்ப் பார்த்து வந்தாள். கார் ஓட்டிக்கொண்டு அவரும் போவார். வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் காரிலேயே இருப்பார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து ஏறுவாள். எப்படி இருக்கிறாள் என்று அவர் கேட்டதில்லை. மரியபுஷ்பம் சொல்லாமல் இருந்ததும் இல்லை.

இந்தத் தை மாசம் மரியபுஷ்பம் குளியலறையில் விழுந்தாள். இடுப்பெலும்பு. ஆபரேஷன் செய்தும் கால் ஊன்ற முடியவில்லை. இனி மலைக்குப் போக முடியாது என்று டாக்டர் சொன்ன அன்று அவள் அழவில்லை.

"அவ முகத்தை மட்டும் எடுத்துட்டு வந்து காட்டுங்க," என்றாள்.

"சரி," என்றார்.

எப்படி என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மறுநாள் கேமராக் கடைக்குப் போனார்.



மேட்டில் நின்று லென்ஸை முறுக்கினார். தோட்டம் கண்ணுக்குள் வந்து விழுந்தது.

அவரைக்கொடிப் பந்தல். தண்ணீர்க் குழாய். காப்பிநிற அங்கியில் ஏழெட்டுப் பேர். எல்லோருக்கும் ஒரே முக்காடு. தன் மகள் யார் என்று அவருக்குத் தெரியவில்லை.

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. கண்டதும் தெரிந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தார்.

ஒவ்வொருத்தியாகத் தேடினார். ஒருத்தி வாளியைத் தூக்கும்போது இடது தோள் சற்றே ஏறி இறங்கியது. மரியபுஷ்பத்துக்கும் அப்படித்தான். விரல் தானாக அமுக்கியது. அவள் பக்கவாட்டில் திரும்பினாள். இன்னொன்று எடுத்தார்.

மணி அடித்தது. எல்லோரும் உள்ளே போனார்கள்.



ஜமீலா டீச்சர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். முக்காட்டுக்குள் பாதி முகம். குனிந்த கண். படம் துல்லியமாகத்தான் இருந்தது.

"யாரு?"

"எம் மக."

"நீங்க பாக்கறது அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"யாருக்குக் காட்ட எடுத்தீங்க?"

"அவ அம்மாவுக்கு."

"காட்டினீங்களா?"

காலையில் கட்டிலருகே கேமராவோடு போய் நின்றதும், காட்டாமலே திரும்பியதும் அவருக்கு ஞாபகம் வந்தது.

"எங்க நின்னு எடுத்தீங்கன்னு கேப்பா," என்றார்.

டீச்சர் நீள லென்ஸைக் கழற்றி அலமாரியில் வைத்தார். உள்ளங்கையில் அடங்குகிற சின்ன லென்ஸ் ஒன்றை எடுத்து மாட்டினார்.

"இதை வாங்கிக்குங்க. பழசுதான். கண்ணாடி நல்லாருக்கு."

சவரியப்பன் கண்ணில் வைத்துப் பார்த்தார். முறுக்கினார். தெருக்கோடி தெருக்கோடியிலேயே இருந்தது.

"எதுவும் பக்கத்துல வரமாட்டேங்குதே."

"வராது. இது நகராது. நீங்கதான் நகரணும்."

"மேட்டுலேருந்து இது எட்டாது டீச்சர்."

"எட்டாது."

அவருக்குக் கோபம் வந்தது. கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தார். டீச்சர் சிரிக்கவில்லை.

"இதுக்கு எங்கிட்ட இருக்கற காசுல பாதிகூட ஆகாது. மிச்சத்தை என்ன பண்றது?"

"கார்ல பெட்ரோல் போடுங்க."

சவரியப்பன் அதற்குண்டான பணத்தை மேஜையில் வைத்தார். சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கிப் போனார்.



கேமரா பீரோ மேலேயே கிடந்தது. மரியபுஷ்பம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காததுதான் அவருக்குத் தாங்கவில்லை.

ஒரு நாள் அவளைத் திருப்பிப் படுக்கவைக்கும்போது தானே சொன்னார்.

"லென்ஸ் சரியா அமையல."

"லென்ஸா?" என்றாள். சுவரைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். "பத்து மணிக்கு மேல போனா கதவைத் திறப்பாங்க. பேரைச் சொன்னாப் போதும்."

அவர் தலையணையைச் சரிசெய்தார். பிறகு பீரோ மேலிருந்து கேமராவை எடுத்துத் தூசி தட்டினார்.



மடத்துக் கதவில் இருந்த சிறு ஜன்னலை வயதான சிஸ்டர் ஒருவர் திறந்தார்.

"யாரைப் பாக்கணும்?"

"அமலி."

"அப்படி இங்க யாரும் இல்லையே ஐயா."

அவருக்குத் தெரியும். மடத்தில் அவளுக்கு வேறு பெயர். வீட்டில் மரியபுஷ்பம் அந்தப் பெயரைச் சொன்னபோதெல்லாம் அவர் டி.வி. சத்தத்தைக் கூட்டியிருக்கிறார்.

சிஸ்டர் காத்திருந்தார். பின்னால் வேப்பமரம் இருந்தது. அதன் நிழலில் கார் இருந்தது.

"சிஸ்டர் அருள்நேசம்," என்றார். "நான் அவ அப்பா."



பார்வை அறையை இரண்டாகப் பிரித்து, தரையிலிருந்து கூரைவரை குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் கம்பி. அந்தப்புறம் ஒரு ஸ்டூல்.

அவள் வந்தாள். இளைத்திருந்தாள். நெற்றியில் ஒரு கோடு விழுந்திருந்தது. அது எப்போது விழுந்தது என்று அவருக்குத் தெரியாது.

"உக்காருங்கப்பா."

உட்கார்ந்தார்.

"அம்மா லெட்டர்ல எழுதியிருந்தாங்க. இடுப்பு வலி குறைஞ்சிருக்கா?"

"ராத்திரில கஷ்டப்படறா."

"நீங்களா பாத்துக்கறீங்க?"

"வேற யாரு."

அவள் தலையசைத்தாள்.

"வேப்பமரத்தடியில கார் நிக்கறது மாடி ஜன்னல்லேருந்து தெரியும்ப்பா. அம்மா பேசிட்டு எழுந்ததும் நான் மாடிக்கு ஓடுவேன். கார் வளைவுல திரும்பற வரைக்கும் நிப்பேன்."

அவரால் நிமிர முடியவில்லை.

"நான்தானே முழிக்காதன்னு சொன்னேன்."

"ஆமாப்பா," என்றாள். "அதான் ஜன்னலோட நின்னுட்டேன்."

அவர் கேமராவை மடியில் வைத்து மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார்.

"அம்மா உன் முகத்தைக் கேட்டா."

"மதர் சுப்பீரியர்கிட்ட கேட்டுட்டு வரேன்."

போய் வந்தாள். எடுக்கலாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

சவரியப்பன் எழுந்து நின்று கண்ணில் வைத்தார். கம்பிகள் அவள் முகத்தின் குறுக்கே கறுப்பாக விழுந்தன. ஒரு கண் மறைந்தது. இடப்பக்கம் நகர்ந்தார். மறு கண் மறைந்தது. பின்னால் போனார். கம்பிகள் இன்னும் நெருக்கமாயின. சுவர் முதுகில் இடித்தது.

"கம்பி விழுதாப்பா?"

"ஆமா."

"அம்மா அதைப் பாத்தா தாங்கமாட்டாங்க."

நாற்காலியை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தார். லென்ஸ் முனகிக்கொண்டு அவள் முகத்தைத் தேடியது. கம்பிகள் தடித்தன, சாம்பல் நிறமாயின. இன்னும் வந்தார். அவை புகைபோல் ஆயின. லென்ஸின் விளிம்பு இரும்பில் இடித்து நின்றது. அந்தப்புறம் அவளும் ஸ்டூலை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

முழு முகமும் இருந்தது. நெற்றிக் கோடு. ஊஞ்சலிலிருந்து விழுந்த அன்று புருவத்தில் போட்ட தையலின் தழும்பு. நனைந்த இமை.

"இன்னும் கம்பி தெரியுதாப்பா?"

"இல்லம்மா," என்றார் சவரியப்பன். "இப்ப இல்ல."