முட்டை எந்தக் கூடையில்?

லாரிக்காரர் சடையப்பன் ஏற்றிப்போகிற தக்காளியில் பாதி, சந்தைக்குப் போவதற்குள் கூழாகிவிடும். சுமைக்காரர்கள் மூட்டைகளை விட்டெறிவார்கள். மேலேயே ஏறிப் படுத்துத் தூங்குவார்கள். ஊரில் வேறு லாரியும் கிடையாது.

இந்தத் தடவையும் வீணானால், தக்காளி பயிரிடும் வேலாத்தாள் தோட்டத்தையே விட்டுவிட வேண்டியதுதான். அதனால் மூங்கில் கூடைகளில் வைக்கோல் பரப்பித் தக்காளியை அடுக்கிக்கொண்டு வந்தாள்.

சடையப்பன் சிரித்தார். "தக்காளிக்கு மெத்தையா அம்மிணி? அது நசுங்கத்தான் பொறந்திருக்குது. நசுங்காம போய்ச் சேந்தா, இனி நீ சொல்றபடிதான் ஏத்துவேன்."

"சரிங்கண்ணா. சந்தைகிட்ட இருக்கிற உங்க மகளுக்கு நாட்டுக்கோழி முட்டை கொண்டாந்திருக்கேன். எந்தக் கூடையில வெச்சேன்னுதான் நெனப்பு வரல" என்றபடி அவள் முன்னால் ஏறி உட்கார்ந்தாள்.

அவ்வளவுதான். "மெதுவாடா! மேல எவனும் உக்காரக் கூடாது!" என்று சடையப்பன் கத்தினார். பள்ளம் வந்தபோதெல்லாம் லாரி ஊர்ந்தது.

சந்தையில் அவரே கூடை கூடையாகப் பிரித்துத் தேடினார். எல்லாவற்றிலும் முழுத் தக்காளிதான்.

"முட்டை எங்கே அம்மிணி?"

வேலாத்தாள் வழியெல்லாம் மடியில் வைத்திருந்த தூக்குப்போசியைத் திறந்து நீட்டினாள். உள்ளே முட்டைகள். "உங்க லாரியை நம்பி முட்டையை வைக்க முடியுங்களா அண்ணா?"

சுமைக்காரன் தலையைச் சொறிந்தான். "நாளைக்கு எப்படிங்க ஏத்தறது?"

"அந்த அம்மிணியையே கேளு" என்றார் சடையப்பன்.