மன்னர் முகம் விழுந்த இடம்

பொத்தையூரை ஆண்ட செங்கோல்வளவ மகாராஜாவுக்குத் தன் முகத்தின்மேல் அபாரமான காதல். நாணயத்தில் போட்டார், நாற்சந்தியில் வைத்தார், ஆசை தீரவில்லை. அமைச்சர் நயினார் அரண்மனை இணையதளத்தில் ஓர் ஏற்பாடு செய்தார். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் நட்டநடுவில் மகாராஜாவின் முகம் நிற்கும். பக்கத்தை மேலே தள்ளினாலும் கீழே தள்ளினாலும் அது அசையாது. எழுத்துகள்தான் அதற்கு அடியில் நுழைந்து வெளியேற வேண்டும். மகாராஜா பூரித்துப்போய் நயினாருக்கு முத்துமாலை போட்டார்.

கூடவே இரண்டு சட்டங்கள். அரண்மனைத் தாள் எதுவானாலும் அவரவரே கம்ப்யூட்டரில் அச்செடுத்துக் கொடுத்தால்தான் செல்லும். அச்சில் வரும் மன்னர் முகத்தை நீக்கினால் தலை போகும்.

அவைப்புலவர் வேம்பையாவுக்கு வேலை, மன்னரைச் சிரிக்க வைப்பது. வேம்பையா சிரிப்பதென்னவோ மன்னரைப் பார்த்துத்தான். ஒரு நாள் நண்பகலில் ஏரிக்கரைப் பிச்சம்மா ஒரு கட்டுத் தாளோடு அவர் வீட்டுக்கு வந்தாள். ராணியின் மயில்களுக்குத் தோட்டம் வேண்டுமாம். அதற்காக மறுநாள் விடிந்ததும் ஏரிக்கரையின் நாற்பது குடிசைகளையும் யானை விட்டு இடிக்கப்போகிறார்கள். மாலை ஐந்து மணிக்குள் ஆட்சேபணை மனு போய்ச் சேர்ந்தால், விசாரணை முடியும்வரை யாரும் கை வைக்க முடியாது.

"அண்ணே, நாற்பது மனுவையும் நயினார் திருப்பிட்டாரு. வீட்டு எண் தெரியலையாம்."

வேம்பையா தாளைப் பார்த்தார். வீட்டு எண் கட்டத்தின்மேல் மகாராஜா பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். திரையிலாவது பக்கத்தைத் தள்ளித் தள்ளிப் படிக்கலாம். தாளில் எதைத் தள்ளுவது?

"அடியிலதான் இருக்குன்னு சொன்னியா?"

"சொன்னேன். 'எடுத்துக் காட்டு'ன்னாரு. எடுத்தா என்ன ஆகும்னு கேட்டேன். 'தலை போகும்'னாரு."

வேம்பையா தன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். தாளைப் படுக்கைவாட்டில் வைத்து அச்செடுத்தார். முகம் மெனக்கெட்டு அதே கட்டத்தில் வந்து உட்கார்ந்தது. அளவைக் குறைத்தார். கட்டமும் குறைந்தது, முகமும் குறைந்தது, மறைப்பு மட்டும் குறையவில்லை. கடைசியாக எழுத்தை மட்டும் தேர்ந்தெடுத்து அச்செடுத்தார். இருபத்தேழு என்ற எண் பளிச்சென்று வந்தது. முகத்தைக் காணோம்.

"வந்துருச்சு அண்ணே!"

"எண் வந்துருச்சு. இதைக் கொடுத்தா நம்ம ரெண்டு பேர் தலையும் போயிரும். கிழிச்சுப் போடு, தாயி. நான் அரண்மனைக்குப் போயிட்டு வாரேன்."

அரண்மனையில் மகாராஜா நின்றுகொண்டிருந்தார், பக்கத்தில் நயினார். மூன்று நாளாக நின்றபடியேதான் ஆட்சி. அரசன் உட்காரும் இடத்தில் கட்டி வந்தால் அது ராஜாங்க விவகாரம். வைத்தியரோ தீர்த்த யாத்திரை போயிருந்தார். போகும்போது களிம்பைக் கிண்டி வைத்துவிட்டு, பூசும் முறையை இணையதளத்தில் ஏற்றிவிட்டுப் போயிருந்தார்.

"மகாராஜா, உங்கள் திருக்கையாலேயே அச்செடுங்கள். களிம்பை நான் பூசுகிறேன்" என்றார் வேம்பையா.

அரண்மனைப் பிரிண்டர் முனகியபடி தாளைத் துப்பியது. வேம்பையா அதை உரக்கப் படித்தார்.

"'மிளகுக் களிம்பை அம்புக்குறி காட்டும் இடத்தில் அழுத்தித் தேய்க்கவும். நோயாளி கதறினால் கைகளைப் பிடித்துக்கொள்ளவும்.' நயினார், கைகளைப் பிடியுங்கள்."

நயினார் பிடித்தார். வேம்பையா ஒரு கை நிறையக் களிம்பை அள்ளி, நேராக மகாராஜாவின் மூக்குக்கு முன்னால் கொண்டுபோனார்.

"அடேய்! என்ன செய்கிறாய்?"

"தாளில் உள்ளபடி செய்கிறேன்."

வேம்பையா தாளைத் தூக்கிக் காட்டினார். ஒரு மனித உடலின் பின்புறப் படம். அதன் நடுவில், தொடைக்கு மேல், இடுப்புக்குக் கீழ், மகாராஜாவின் முகம் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. அம்பு நேரே அவர் கன்னத்தில் குத்தி நின்றது.

"முட்டாளே, இடம் அதற்கு அடியில் இருக்கிறது!"

"எந்த இடம் மகாராஜா? என் கண்ணுக்குத் தெரியவில்லை. நயினார், நீங்கள் சொல்லுங்கள். மகாராஜாவின் முகத்துக்கு அடியில் என்ன இருக்கிறது?"

நயினாருக்கு வியர்த்தது. உள்ளதைச் சொன்னால் கழுமரம்.

"அது வந்து... முகத்துக்கு அடியில்... கழுத்து."

"நல்லது. கழுத்திலும் ஒரு கை தேய்த்துவிடுகிறேன்."

"நிறுத்து!" மகாராஜா துள்ளினார். துள்ளியதில் கட்டி உரசி, மேலும் அலறினார். "அந்த முகத்தை எடுத்துவிட்டு வேறு தாள் அச்செடு!"

"எடுத்தால் தலை போகுமே. காலையில்தான் ஏரிக்கரைப் பிச்சம்மாவுக்கு நயினார் சட்டம் சொல்லி அனுப்பினார். அவள் வீடு உங்கள் முகத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. நாளைக் காலை யானைக் காலுக்கு அடியில் போய்விடும்."

மகாராஜா தாளைப் பார்த்தார். களிம்பைப் பார்த்தார். மிளகு நெடி கண்ணைக் கரித்தது.

"நயினார், இனி எந்த அச்சிலும் என் முகம் வரக் கூடாது!"

"பதினைந்து நாள் ஆகுமே, மகாராஜா."

"ஆகாது. 'திரையில் காட்டு, அச்சில் காட்டாதே' என்று இணையதளத்தில் ஒரே ஒரு வரி எழுதினால் போதும்" என்றார் வேம்பையா. "அதுவரை தாளில் உள்ளபடி நடக்கட்டும்." மறுபடி களிம்பை அள்ளினார்.

மகாராஜாவின் கண்கள் நயினாரைச் சுட்டன. பதினைந்து நாள் வேலை ஒன்றரை நிமிடத்தில் முடிந்தது. நாலரை மணிக்கு ஏரிக்கரையின் நாற்பது மனுக்களும் எண் தெரிய அச்சாகி, நயினாரின் கையாலேயே முத்திரை வாங்கின. அதற்குள் களிம்பும் போக வேண்டிய இடத்துக்குப் போயிருந்தது. கட்டி உடைந்தது. மூன்று நாளுக்குப் பிறகு சிம்மாசனத்தில் உட்கார்ந்த சுகத்தில், மயில்கள் அரண்மனை முற்றத்திலேயே ஆடட்டும் என்று மகாராஜா உத்தரவு போட்டார். ஏழைகளுக்கு நியாயம் கிடைக்க அரசனுக்குக் கட்டி வர வேண்டியிருந்தது.

"வேம்பையா, என்ன பரிசு வேண்டும்? கேள்!"

"அந்த முதல் தாளைக் கொடுங்கள், மகாராஜா. வீட்டில் மாட்டி வைக்கிறேன்."

"அதையா? எதற்கு?"

"ஊரெல்லாம் உங்கள் படம் இருக்கிறது. சரியான இடத்தில் வந்தது இது ஒன்றில்தான்."