தலைப்பிரட்டைக் குட்டையில் ஒரு வழக்கு

கடமானின் குட்டிக்கு உடம்பெல்லாம் உண்ணி. பாறையில் தேய்த்துப் பார்த்தது, உதறிப் பார்த்தது, ஒன்றும் பலிக்கவில்லை. சேற்றில் புரண்டால் உதிர்ந்துவிடும். அந்தக் கோடையில் காட்டில் சேறு மிச்சமிருந்தது ஒரே ஒரு குட்டையில்தான். அந்தக் குட்டை முழுக்கத் தேரையின் தலைப்பிரட்டைகள் நெளிந்துகொண்டிருந்தன.

கடமான் குட்டியோடு வந்தபோது முள்ளம்பன்றி வழியை மறித்தது.

“வேண்டாம்க்கா. நீங்க இறங்கினா இதுல ஒண்ணுகூட மிஞ்சாது.”

“என் பிள்ளை படுற பாட்டைப் பாரு. நகரு.”

மரத்திலிருந்து மந்தி இறங்கி வந்தது. அதை யாரும் நீதிபதியாக்கவில்லை. சண்டை என்றால் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

“காரணம் சொல்றவங்க பக்கம் தீர்ப்பு. சொல்ல முடியலைன்னா விலகிடணும். சம்மதமா?”

இரண்டும் தலையாட்டின.

“உண்ணி என் குட்டி ரத்தத்தைக் குடிக்குது. எனக்குச் சேறு வேணும்” என்றது கடமான்.

“நல்ல காரணம். நீ சொல்லு.”

“தேரை பூச்சியைத் தின்னும். நமக்கு நல்லதுதானே?” என்றது முள்ளம்பன்றி.

“அதுக்குப் பறவைங்க இருக்கு. வேற?”

“இதுங்களும் உயிர்தானே?”

“உண்ணியும் உயிர்தான். வேற?”

முள்ளம்பன்றி குட்டையைத் திரும்பிப் பார்த்தது. “வேற தெரியல. ஆனா கூடாது. மனசுக்கு அப்படித்தான் படுது.”

“மனசுக்குப் படுறதெல்லாம் காரணமா? நிரூபி.”

முடியவில்லை. முள்ளம்பன்றி விலகிப் போனது. கடமான் முன்னங்காலைச் சேற்றில் வைத்தது.

புதர் அசைந்தது. சிறுத்தை! குட்டிக்கும் அதற்கும் ஒரு தாவல் தூரம்தான். பாய்ந்திருக்கலாம். ஆனால் கடமான் உதைத்தால் எலும்பு முறியும் என்று அதற்குத் தெரியும். பேச்சிலேயே கிடைத்தால் காயமில்லாமல் கிடைக்குமே.

“தீர்ப்பைக் கேட்டேன். எனக்கும் காரணம் இருக்கு. பசி. இந்தக் குட்டியை நான் ஏன் விடணும்? சொல்ல முடியலைன்னா நீ விலகிடணும்.”

மந்தி அதற்குள் மர உச்சிக்குப் போயிருந்தது. “காரணம்... சொல்லணும்தான்” என்றது மெல்லிய குரலில்.

“அது என் பிள்ளை” என்றது கடமான்.

“யாரோடதுன்னு கேக்கல. ஏன் விடணும்?”

“அது வாழணும்.”

“ஏன்?”

கடமான் கழுத்தைக் குட்டியின் பக்கம் நீட்டியது. “கூடாது. கூடாதுன்னா கூடாது.”

“இதைச் சொல்லித்தானே முள்ளம்பன்றி தோத்துச்சு?” சிறுத்தை பாயப் பதுங்கியது.

சடசடவென்று முட்கள் சிலிர்த்தன. முள்ளம்பன்றி ஓடிவந்து, குட்டிக்கு முன்னால், சிறுத்தைக்கு முதுகைக் காட்டி நின்றது.

“உன்கிட்ட என்ன காரணம் இருக்கு?” என்று சீறியது சிறுத்தை.

“இல்ல. அப்பவும் இல்ல. ஆனா அப்ப நான் விலகினது தப்பு.”

சிறுத்தை முட்களையே பார்த்தது. பாதத்தில் ஒன்று தைத்தாலும் பல நாள் பட்டினிதான். உறுமிக்கொண்டே புதருக்குள் போய்விட்டது.

கடமான் சேற்றிலிருந்து காலை எடுத்தது. குளம்படியில் சில தலைப்பிரட்டைகள் நசுங்கிக் கிடந்தன. மறுபடி அங்கே கால் வைக்கவில்லை. பிறகு குட்டியைக் கரையில் படுக்கவைத்து, நாக்கால் உண்ணிகளைத் தள்ளிப் பார்த்தது.

மந்தி இறங்கி வந்தது. குட்டியின் அருகே உட்கார்ந்து, ஒவ்வொரு உண்ணியாகப் பொறுக்கி எடுக்கத் தொடங்கியது. அந்த வேலை அதற்கு நன்றாகவே வரும்.

சில நியாயங்களை நிரூபித்துக் காட்ட முடியாது; முன்னால் நின்று காக்கத்தான் முடியும்.