கூடை இருந்த வாசல்

நீலக்குன்றில் பனி இறங்கும் மாதங்களில், எது மரம், எது மனிதர் என்று சட்டென்று விளங்காது. அந்தப் பனிக்குள் மிதப்பதுபோல் ஒரு மருத்துவச் சாலை இருந்தது. அதற்கு இரண்டு வாசல்கள். கற்க வருகிறவர்கள் கீழ்வாசல் வழியே நுழைவார்கள். கற்று முடித்தவர்கள் மாலையும் மேளமுமாக மேல்வாசல் வழியே புறப்பட்டு, பிணியுற்றோரைத் தேடி ஊர்களுக்குப் போவார்கள்.

கீழ்வாசலில் ஒரு பிரம்புக் கூடை இருந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு அதற்குள் கைவிட வேண்டும். அகப்படும் இலையையோ வேரையோ கொட்டையையோ தொட்டும் முகர்ந்தும் பெயர் சொல்ல வேண்டும். சொன்னவர் உள்ளே போகலாம். சொல்லாதவர் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

கூடைக்குப் பொறுப்பாளர் தில்லைநாயகம். சாலையின் தலைவரான அடிகளுக்கு மூத்த மாணாக்கர், தலை நரைத்தவர். தந்தையின் மருந்தறையில் தவழ்ந்து வளர்ந்தவர். மருத்துவர் வீட்டுப் பிள்ளைகளே ஆண்டுதோறும் தேறி வருவதைக் கண்டு, மணம் அறிந்த கைகள் இறைவன் தேர்ந்தெடுத்த கைகள் என்று மனமார நம்பியிருந்தார்.

அன்று அவருக்கு இரட்டை மகிழ்ச்சி. சாலைக்குப் புதியவர்கள் வரும் நாள் அது. தங்கையின் மகன் அம்பலவாணன் மருத்துவனாகி மேல்வாசல் தாண்டும் நாளும் அதுவே.

வரிசையின் கடைசியில் இசக்கி என்ற இளம்பெண் நின்றாள். குன்றுக்குக் கீழே, உப்பளத்திலிருந்து வந்தவள். வெடித்த பாதங்களில் உப்பு இன்னும் வெள்ளையாய்ப் பூத்திருந்தது.

கண்ணைக் கட்டினார்கள். கூடைக்குள் கைவிட்டு ஒரு வேரை எடுத்தாள். நெடுநேரம் முகர்ந்தாள்.

"தெரியல சாமி."

இன்னொன்றை எடுத்தாள்.

"இதுவும் தெரியல."

"ஒரு கை உப்பை அள்ளிக் கொடுங்கப்பா, டக்கென்று சொல்லிவிடுவாள்" என்றான் தேறியவர்களில் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

"உப்பு எனக்குத் தெரியும்ணே. அதைக் கத்துக்க நான் ஏன் மலை ஏறணும்?" என்றாள் அவள், கட்டை அவிழ்க்காமலே.

தில்லைநாயகம் சிரிக்கவில்லை. "அம்மா, பெயர் தெரியாதவர்களைச் சேர்ப்பதில்லை. இது இங்கே வழக்கம்."

"சொல்லிக் கொடுத்தா நானும் சொல்லுவேன் சாமி. எங்க அளத்துல ஒருத்திக்கு இடுப்பு வலி கண்டா, கட்டில்ல வச்சு இந்தக் குன்றுக்குத்தான் தூக்கிட்டு வரணும். எங்க அக்காவையும் தூக்கிட்டு வந்தோம். பாதி வழியில பேச்சு நின்னுபோச்சு. பிள்ளையும் பிழைக்கல. எங்க ஊர்லயே வைத்தியம் தெரிஞ்ச ஒருத்தி இருந்திருந்தா..."

அவள் கண்கட்டை அவிழ்த்து, வாசலுக்கு வெளியே, ஈரக்கல்லின் மேல் அமர்ந்துகொண்டாள்.

தில்லைநாயகம் கூடையை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார். அடிகளைத் தேடிப் போனார். பூசைக்கு நந்தியாவட்டை பறித்துக்கொண்டிருந்தார் அடிகள். பனியில் அவர் உருவம் தெரியவில்லை. பூக்கள் தாமே கிளையை விட்டு எழுந்து பூக்குடலைக்குள் போவதுபோல் இருந்தது.

"சுவாமி, ஒரு பெண் போக மறுக்கிறாள். ஒரு வேரின் பெயர்கூடத் தெரியவில்லை."

"எதற்கு வந்தாளாம்?"

"கற்றுக்கொள்ள."

"தேறிய மற்றவர்கள்?"

"அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது சுவாமி."

"அப்படியானால் அவர்கள் எதற்கு வந்தார்களாம்?"

தில்லைநாயகம் தம் உள்ளத்தை உறுத்தியதைக் கேட்டே விட்டார்.

"அவள்மேல் எனக்கு இரக்கம் இருக்கிறது. ஆனால் இரங்கி வாசலைத் திறந்துவிட்டால், நாளைக்கு நம்மை நம்பிப் படுத்திருக்கும் நோயாளியின் கதி என்ன?"

அடிகள் பூக்குடலையைத் தரையில் வைத்தார்.

"நல்ல கேள்வி. கூடையை எடுத்துக்கொண்டு என்னோடு வா."

இருவரும் மூலிகைத் தோட்டத்தின் ஊடே ஏறினார்கள். நொச்சியும் ஆடாதொடையும் பனிக்குள்ளிருந்து தோன்றி, தோள்களைத் தொட்டு, மறைந்தன. காலடி ஓசை கேட்கவில்லை. எங்கோ உயரத்தில் மேளம் சுருதி கூட்டும் ஒலி, உறக்கத்தில் கேட்பதுபோல் கேட்டது. நடக்கிறோமா, குன்றுதான் நம்மைக் கடந்து போகிறதா என்று தில்லைநாயகம் மயங்கினார். கையில் கூடை மட்டும் மெய்யாகக் கனத்தது.

பனி விலகியபோது மேல்வாசலில் நின்றார்கள். மாலை சூடிய அம்பலவாணன் இருவரையும் வணங்கினான்.

"கூடையை இங்கே வை" என்றார் அடிகள்.

"சுவாமி, இந்த வாசலில் கூடை வைக்கும் வழக்கம் இல்லையே. இவ்வழியே யாரும் உள்ளே வருவதில்லை."

"வை."

வைத்தார். அடிகள் தம் மேலாடையின் நுனியால் அம்பலவாணனின் கண்களை மூடினார்.

"என்ன மாமா இது, குழந்தை விளையாட்டு! இதெல்லாம் நான் வந்த அன்றே சொன்னவைதானே?" என்று சிரித்தபடி அவன் கைவிட்டான். வட்டமாய், தட்டையாய் ஒரு கொட்டை அகப்பட்டது. தொட்டும் தொடாமலும் அதை விரலிடுக்கில் உருட்டினான்.

"தேற்றான்கொட்டை. கலங்கிய நீரில் உரைத்துவிட்டால் தெளியும். குடிக்கக் கொடுக்கலாம்."

மேளக்காரர் குச்சியை ஓங்கினார். அடிகள் கைகாட்டி நிறுத்தினார்.

தில்லைநாயகம் அந்தக் கொட்டையைப் பார்த்தார். பட்டுப்போன்ற மெல்லிய பூனைமயிர் அதன்மேல் சாம்பல் நிறத்தில் மின்னியது. அது எட்டி, கடும் நஞ்சு. ஒரு குடத்து நீரில் அதை உரைத்தால் ஒரு வீடே அடங்கிப் போகும்.

அம்பலவாணன் துணியை விலக்கிப் பார்த்தான். மாலையைத் தானே கழற்றினான்.

"மாலை இருக்கட்டும், பத்திரமாக வைத்துக்கொள். இன்னும் சில காலம் எங்களோடு இரு" என்றார் அடிகள், ஒரு தாயின் குரலில்.

"வந்த அன்று இவன் ஒன்றுவிடாமல் சொன்னான் சுவாமி!" என்றார் தில்லைநாயகம். "நானே கேட்டேன்."

"அதற்குப் பிறகு?"

"அதற்குப் பிறகு... யாரும் கேட்கவில்லை."

வாசலுக்கு அப்பால் பாதை பனிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே எங்கோ ஊர்கள் இருந்தன. இருமல் ஒலி ஒன்று மெல்ல மிதந்து வந்தது.

தில்லைநாயகம் பழக்கத்தால் குனிந்து கூடையைத் தூக்கினார். "கீழ்வாசலில் காத்திருப்பார்கள். கொண்டுபோய் வைத்துவிடட்டுமா?"

"நாயகம், நோயாளி எந்த வாசலுக்கு வெளியே படுத்திருக்கிறான்?" என்றார் அடிகள்.

கூடை மெல்லத் தரைக்கு இறங்கியது.

கீழ்வாசலுக்கு வெறுங்கையோடு வந்த தில்லைநாயகத்தைக் கண்டு இசக்கி எழுந்தாள். கண்ணைக் கட்டிய துணி இன்னும் அவள் கையில் இருந்தது.

"இன்னொரு தடவை பாக்குறேன் சாமி. கூடை எங்க?"

வாசலின் நடுவில் நின்றிருந்த தில்லைநாயகம் அவளுக்கு வழிவிட்டு ஓரமாக விலகி நின்றார்.