கவுதாரி வீட்டுக் குடுக்கை

அருவிக்காட்டில் ஒரு கவுதாரி புதருக்கடியில் குஞ்சு பொரித்திருந்தது. அந்தக் காட்டில் பிள்ளை வளர்ப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அருவி ஓயாமல் இரைந்துகொண்டே இருக்கும். கீரி வருகிறது என்று பக்கத்து வீட்டில் கத்தினாலும் இந்த வீட்டில் கேட்காது.

அதனால் காட்டார் கூடி ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். மருத மரத்தின் உச்சியில் கரிச்சான் குருவி காவல் இருக்கும். ஆபத்தைக் கண்டால் அங்கே இருக்கும் தாய்க்கொடியை உலுக்கும். மரத்தின் நடுக்கிளையில் வரிசையாகத் துளைகள் உண்டு. துளைக்கு ஒரு வீட்டுக்கொடி வீதம் தாய்க்கொடியிலிருந்து பிரிந்து, துளை வழியாக வீடுகளுக்கு இறங்கும். கொடியின் நுனியில், வாசலில், விதை போட்ட சுரைக்குடுக்கை தொங்கும். கரிச்சான் உலுக்கினால் எல்லா வீட்டிலும் குடுக்கை கலகலவென்று ஆடும். குஞ்சும் குட்டியும் ஓடி ஒளிந்துகொள்ளும்.

அந்த நடுக்கிளைக்குப் பொறுப்பு ஒரு கருங்குரங்கு. குரங்கார் என்றுதான் கூப்பிட வேண்டும். வெறுமனே குரங்கு என்றால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிடும்.

பங்குனி வெயில் ஏறியதும் தொல்லை ஆரம்பித்தது. கவுதாரி வீட்டுக் குடுக்கை காலையில் ஆடும், மத்தியானத்தில் ஆடாது. சில நாள் மத்தியானத்திலும் ஆடும். மற்ற வீடுகளில் ஒரு குறையும் இல்லை. பக்கத்து வீட்டு முள்ளம்பன்றி வளைக்குள் ஓடுவதைப் பார்த்துத்தான் கவுதாரிக்கு ஆபத்தே தெரியவரும்.

கவுதாரி மரத்தடிக்குப் போய்த் தொண்டை கிழியக் கூப்பிட்டது. “ஐயா, எங்க வீட்டுக் குடுக்கை ஆட மாட்டேங்குது. கொஞ்சம் பாருங்க.”

குரங்கார் கொட்டாவி விட்டபடி எழுந்து வந்தார். தாய்க்கொடியை ஓர் இழு இழுத்தார். புதரோரம் குடுக்கை துள்ளி ஆடியது.

“ஆடுதே. அப்புறம் என்ன?”

“இப்ப ஆடுதுங்க. அப்ப ஆடலை.”

“இப்ப ஆடுறதைத்தான் நான் பார்க்க முடியும். குடுக்கையைக் கழற்றி மறுபடி மாட்டு. சரியாப் போயிடும்.”

கவுதாரி கழற்றி மாட்டியது. மறுநாள் மத்தியானம் குடுக்கை ஆடவில்லை. திரும்பவும் மரத்தடிக்கு ஓடியது. குரங்கார் எழுந்து வந்து இழுத்தார், ஆடியது. “குடுக்கையை மாத்து” என்றார். மாற்றியது. புதுக் குடுக்கையும் அதே மாதிரி நின்றுபோனது. “அப்ப கொடியை மாத்து” என்றார். கவுதாரி ஓடை வரைக்கும் நடந்து, புதுக்கொடி அறுத்து, அலகால் இழுத்துக்கொண்டு வந்து கட்டியது. அதுவும் வீண்.

குறை மட்டும் தீரவில்லை. குரங்காருக்குக் கோபம் வந்துவிட்டது.

“இந்தக் கவுதாரிக்குக் காது மந்தம்” என்று எல்லாரும் கேட்கச் சொன்னார். “பிள்ளை பொரிச்சதிலிருந்து எதுக்கெடுத்தாலும் பயம் வேற. சும்மா சும்மா வந்து என் தூக்கத்தைக் கெடுக்குது.”

மற்றவர்கள் சிரித்தார்கள். இந்த இடம் வந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவரவர் வீட்டுக் குடுக்கை ஆடுகிறதாம், அதனால் கவுதாரி சொல்வது பொய்யாம்!

ஒரு நாள் மத்தியானம் கீரி வந்தது. காட்டில் எல்லாக் குடுக்கையும் ஆடின. கவுதாரி வீட்டுக் குடுக்கை அசையவில்லை. கடைக்குட்டிக் குஞ்சைக் கீரி கவ்விக்கொண்டு போய்விட்டது.

கவுதாரி அலறிக்கொண்டு மரத்தடிக்கு ஓடியது. குரங்கார் எழுந்து வந்தார், இழுத்தார். குடுக்கை ஆடியது.

“பார்த்துக்கோ, கொடியில ஒரு குறையும் இல்லை. பெத்தவதான் கண்ணும் கருத்துமா இருக்கணும்” என்றார்.

என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். வந்த கோபத்தில் கவுதாரிக்கு அழுகையே நின்றுபோனது. நேரே முள்ளம்பன்றியிடம் போனது.

“அண்ணே, நாளைக்கு ஒரு பொழுது உன் துளையை எனக்குக் கொடு. என் துளையை நீ வச்சுக்க.”

“அப்ப என் குடுக்கை ஆடலைன்னா, நான் சாகவா?”

“முதுகு நிறைய முள்ளை வச்சுக்கிட்டு என்கிட்ட வந்து சாவைப் பத்திப் பேசுறியா? உன்னைக் கீரி தொடுமா?”

முள்ளம்பன்றிக்கு வெட்கமாகப் போய்விட்டது. “சரி தங்கச்சி. ஆனா குரங்கார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம்.”

“கேட்டுக் கேட்டுத்தானே என் பிள்ளையைப் பறிகொடுத்தேன்.”

காலையில் குரங்கார் அத்திப்பழம் தேடிப் போனதும் கவுதாரி தத்தித் தத்தி நடுக்கிளைக்கு ஏறியது. தன் கொடியை முள்ளம்பன்றியின் துளைக்கும், அதன் கொடியைத் தன் துளைக்கும் மாற்றிக் கட்டியது. மத்தியானம் ஒரு நரி வந்தது. கவுதாரி வீட்டுக் குடுக்கை கலகலத்தது. முள்ளம்பன்றியின் குடுக்கை சும்மா கிடந்தது.

“தங்கச்சி, என் கொடி நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு” என்று முள்ளம்பன்றி மூச்சிரைக்க வந்தது. “குடுக்கையும் அதேதான். இன்னைக்கு ஆடவே இல்லை.”

“அப்ப குறை கொடியில இல்லை, குடுக்கையில இல்லை, என் காதுலயும் இல்லை. அந்தத் துளையிலதான் என்னவோ இருக்கு.”

மாலையில் குரங்கார் கொடிகள் மாறியிருப்பதைப் பார்த்துவிட்டார். “யாரைக் கேட்டு என் கிளையில கை வச்சீங்க? இன்னொரு தரம் தொட்டா ரெண்டு கொடியையும் அறுத்துப் போட்டுடுவேன்” என்று குதித்தார். பழையபடியே மாற்றிக் கட்டிவிட்டார். துளையை ஒரு கண் பார்க்கவாவது செய்தாரா? இல்லை.

கவுதாரி யோசித்தது. கூப்பிட்டுப் போன ஒவ்வொரு தடவையும் குடுக்கை ஆடிவிடுகிறது. இனிமேல் கூப்பிடாமல் போய்ப் பார்ப்போம் என்று முடிவு செய்தது. மறுநாள் உச்சிவெயிலில் குஞ்சுகளை முள்ளம்பன்றியின் கண்பார்வையில் விட்டுவிட்டுச் சத்தமில்லாமல் மரம் ஏறியது.

நடுக்கிளையில் மத்தியான நிழல் விழும் இடம் ஒன்றே ஒன்றுதான். வெயில் ஏறிய நாள் முதல் குரங்கார் தூங்குகிற இடமும் அதுதான். வயிறு முட்ட அத்திப்பழம் தின்றுவிட்டு, கவுதாரியின் துளை மேலேயே சப்பணம் போட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கொடி அவருக்கடியில் நசுங்கிக் கிடந்தது. கூப்பிட்டால் எழுந்து வருவார், அழுத்தம் நீங்கும், குடுக்கை ஆடும். அவ்வளவுதான் விஷயம்.

அந்த நேரம் பார்த்து உச்சியில் கரிச்சான் கொடியை உலுக்கியது. எல்லாக் கொடியும் ஆடின, அந்த ஒன்றைத் தவிர. கவுதாரி கீழே பார்த்தது. புல்லுக்குள் பதுங்கியபடி கீரி புதரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

கவுதாரி பாய்ந்து குரங்காரின் பின்புறத்தில் ஒரே கொத்தாகக் கொத்தியது!

குரங்கார் அலறி எழுந்தார். கொடி விடுபட்டது. குடுக்கை கலகலத்தது. குஞ்சுகள் முள்ளம்பன்றியின் வளைக்குள் ஓடிப் புகுந்தன. முள்ளம்பன்றி வாசலை அடைத்துக்கொண்டு முள்ளை விரித்தது. கீரி வந்த வழியே திரும்பிப் போனது.

சத்தம் கேட்டுக் காட்டார் எல்லாரும் மரத்தடியில் கூடிவிட்டார்கள். குரங்கார் பின்புறத்தைத் தடவிக்கொண்டு கத்தினார். “என்ன திமிர் உனக்கு? அங்கே பார், குடுக்கை நல்லாத்தானே ஆடுது!”

“ஆடும். நீ எழுந்தா ஆடும். நீ உட்கார்ந்தா என் பிள்ளை சாகும்.”

குரங்கார் குனிந்து துளையைப் பார்த்தார். நசுங்கிய கொடியைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. “வெயில் வந்ததிலிருந்து நான் உட்கார்ற இடம்தானே இது. யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா நகர்ந்து உட்கார்ந்திருப்பேனே.”

சொல்லவில்லையாம்! அன்றைக்குச் சிரித்தவர்கள் எல்லாரும் இப்போது தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். முள்ளம்பன்றிதான் முதலில் வாய் திறந்தது. “கீழே இறங்கு.” பிறகு எல்லாரும் அதையே சொன்னார்கள். குரங்காரை அன்றே கிளையைவிட்டு இறக்கினார்கள். கவுதாரி மிச்சக் குஞ்சுகளைச் சிறகுக்குள் அணைத்துக்கொண்டது. ஒரு குஞ்சின் இடம் காலியாகவே இருந்தது.

குறை சொல்லி வந்தவரைப் பொய்யர் என்று சொல்வதற்கு முன், அந்தக் குறைக்குக் காரணம் நாம்தானா என்று நாம் இருக்கும் இடத்தை முதலில் பார்க்க வேண்டும்.