சடையன் கையில் இருந்தது என்ன?

“கத்திங்க! என் ரெண்டு கண்ணால பார்த்தேன்!” என்றார் எண்ணெய்க்காரர்.

“கத்தியாவது கத்திரிக்காயாவது! அது முகம் பார்க்கிற கண்ணாடி!” என்றார் வளையல்காரர்.

“ரெண்டு பேருக்கும் கண்ணு அவிஞ்சு போச்சா? செம்பு!” என்றாள் பூக்காரி.

அரசவை முழுக்க இதே கூச்சல்தான். இது ரொம்ப காலத்துக்கு முன்னால். நெல்லாறை என்று ஒரு நாடு, அதை ஆண்டவர் அஞ்சாச்சிங்கன் என்கிற ராஜா. பேர்தான் அஞ்சாச்சிங்கன். கரப்பான்பூச்சி வந்தால் சிம்மாசனத்தில் காலைத் தூக்கி வைத்துக்கொள்வார். அதைவிட மோசம், யார் கடைசியாகப் பேசுகிறார்களோ அவர்களை நம்பிவிடுவார்.

நடந்தது இவ்வளவுதான். முந்தாநாள் ராஜா ஊர்வலம் போனார். சடையன் என்கிற மீனவன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு பல்லக்கை நோக்கி ஓடி வந்தான். எதையோ தூக்கிப் பிடித்திருந்தான். மதில்மேல் காவலுக்கு நின்ற மாசாத்தன் அம்பு விட்டான். சடையன் தோளில் தைத்தது. ஜனங்கள் சிதறி ஓடினார்கள். கூட்டம் கலைந்த பிறகு பார்த்தால் அவன் கையிலும் ஒன்றும் இல்லை, தரையிலும் ஒன்றும் இல்லை.

“ராஜாவுக்குக் காணிக்கையா கெண்டை மீன் கொண்டு வந்தேன். மீனு மீனுன்னு சொல்லிக்கிட்டேதான் ஓடி வந்தேன்” என்றான் சடையன்.

கத்தி என்று முடிவானால் பொழுது சாய்வதற்குள் அவன் தலை போய்விடும்.

ஊரே இரண்டாகிவிட்டது. படித்துறையில் சண்டை, கள்ளுக்கடையில் சண்டை. எதிரே வருகிறவனிடம் சாப்பிட்டாயா என்று யாரும் கேட்பதில்லை. “நீ கத்தியா, மீனா?” என்றுதான் கேட்டார்கள்.

எல்லாருக்கும் நிச்சயமாகத் தெரிந்திருந்தது. தெரியாதவன் ஒரே ஒருவன்தான். அம்பு விட்ட மாசாத்தன். பத்தொன்பது வயசு. கண்ணை மூடினால் அவனுக்கு ஒரு மினுக்கல் தெரியும். ஒரு நேரம் அது கத்தி மாதிரி இருக்கும். அடுத்த நேரம் அதற்கு வால் ஆடும்.

தளபதி வீரகண்டன் அவனைத் தூணுக்குப் பின்னால் இழுத்தார். “டேய், கேட்டா கத்தின்னு சொல்லு. வேற வாயே திறக்காதே. மீனைப் பார்த்துப் பயந்த படைன்னு ஊர் சிரிக்கணுமா?”

அடுத்து நான்கு வீரர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். நான்கு பேரும் ஒரு எழுத்து மாறாமல் ஒப்பித்தார்கள்: “கத்தி. ஒரு சாண் நீளம். மரப்பிடி.”

“ஆஹா, கத்திதான்!” என்றார் ராஜா.

மந்திரி காளத்தி மெல்ல இருமினார். தளபதிக்கு இவரைக் கண்டாலே ஆகாது.

“மகாராஜா, ஊர்ல ஆளுக்கு ஒரு விதமாப் பார்த்திருக்காங்க. நம்ம வீரர்களுக்கு மட்டும் மரப்பிடி வரைக்கும் தெரிஞ்சிருக்கு. தளபதியாரே, பயிற்சி பிரமாதம்.”

“என் பசங்களுக்குப் பருந்துக் கண்ணுய்யா! உம்மை மாதிரி ஓலையைப் பார்த்தே பார்வையைக் கெடுத்துக்கிட்டவங்க இல்ல!”

“அப்போ பயமே இல்லை. அதே தெரு, அதே வெயில். எல்லாரும் அன்னைக்கு நின்ன இடத்திலேயே நிக்கட்டும். நான் தர்ற பொருளைத் தூக்கிக்கிட்டுத் தளபதியார் ஓடி வரட்டும். கத்தின்னா மாசாத்தன் அம்பு விடட்டும். இல்லேன்னா வேண்டாம். பருந்துக் கண்ணு சரியாச் சொன்னா சடையன் தலையை எடுத்துக்கலாம். தப்பாச் சொன்னா அவன் வீட்டுக்குப் போகட்டும்.”

“பேஷ்! பேஷ்!” ராஜா கை தட்டினார். தளபதி மாட்டிக்கொண்டார். சபை நடுவில் வாயை விட்டாயிற்று, இனி என்ன செய்ய?

தெருவுக்கு எல்லாரும் போனார்கள். சடையனையும் விலங்கோடு கொண்டுவந்து ஓரமாக உட்கார வைத்தார்கள். மாசாத்தன் மதில்மேல் நாணை இழுத்தபடி நின்றான். தெருக்கோடியில் மந்திரி துணியில் சுற்றிய ஏதோ ஒன்றைக் கொடுத்தார். தளபதி துணியைப் பிரித்தார், அதைத் தூக்கிப் பிடித்தார், ஓடி வந்தார். பளிச்சென்று ஒரு மினுக்கல்.

“செம்பு!” என்றாள் பூக்காரி.

“கண்ணாடி!” என்றார் வளையல்காரர்.

நான்கு வீரர்களும் பழக்கதோஷத்தில் ஒரே குரலாக, “கத்தி! ஒரு சாண் நீளம்! மரப்பிடி!” என்றார்கள்.

“ஐயோ, எய்டா அவனை!” பல்லக்குக்குள் ராஜா அலறினார். இது சோதனை என்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

“எய்யாதேடா பாவி! மீனுடா! மீனு! மீனு!” தளபதி நடுத்தெருவில் முழங்கால் போட்டுவிட்டார்.

அது மாசாத்தன் காதில் விழவே இல்லை. அவ்வளவு இரைச்சல். மறுபடியும் அவனுக்குத் தெரிந்தது ஒரு மினுக்கல் மட்டும்தான். என்ன என்று புரியவில்லை. வில்லைத் தாழ்த்தினான்.

மந்திரி நடந்து போய்த் தளபதி கையிலிருந்த முழ நீளக் கெண்டையை வாங்கி எல்லாருக்கும் காட்டினார். “தளபதியாரே, மரப்பிடி எந்தப் பக்கம்?”

தெருவே சிரித்தது. ராஜா முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டார். சடையன் விலங்கை உடைக்கச் சொன்னார். அந்த மீனைத் தலையில் சுமந்துகொண்டு சடையன் வீடு வரை நடக்கும்படி தளபதிக்கு உத்தரவு போட்டார்.

உடனே ஊர் மாறிவிட்டது.

“நான் அப்பவே சொன்னேனே, மீன்தான்னு!” என்றார் எண்ணெய்க்காரர்.

நான்கு வீரர்களும் முன்னால் வந்தார்கள். “மீன். ஒரு முழ நீளம். வால் உண்டு.”

“அப்போ அன்னைக்கும் மீன்தான்!” ராஜாவுக்கு ஒரே சந்தோஷம். “டேய் மாசாத்தா, இறங்கி வா. எல்லார் முன்னாலயும் மீனைத்தான் பார்த்தேன்னு நீயும் சொல்லிடு. வழக்கு முடிஞ்சுது. உனக்குப் பட்டுச் சால்வை.”

மாசாத்தன் இறங்கி வந்தான். எதிரே சடையன், தோளில் ரத்தம் கசிந்த கட்டோடு, அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எனக்குத் தெரியாது மகாராஜா. கத்தின்னு யாரோ கூவினாங்க. கை அம்பை விட்டுடுச்சு. அவன் கையில என்ன இருந்துச்சுன்னு நான் பார்க்கவே இல்ல.”

“அதெல்லாம் கிடக்கட்டும்டா. மீன்னு சொல்லு!”

அவன் சொல்லவில்லை.